சுவருக்குப் பின்னால் ஓர் அங்குலம்

விறகடுப்புக் கடை போடுகிறவர் அடுப்புக்கு எத்தனை செங்கல், அண்டாவுக்கு எவ்வளவு உயரம், புகை எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வார். அடுப்புக்குப் பின்னால் நிற்கும் சுவரைப் பற்றிய யோசனை வருவது கடைசியில்தான். சென்னையில் பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் கடை என்றால் பெரும்பாலும் இருக்கிற சந்திலோ கட்டடத்து முன்பக்கத்திலோ பிளைவுட் அடைத்து எடுத்த இடம். பலகை கருக ஆரம்பித்ததும் ஒரு ஜி.ஐ. தகரத்தை வெட்டி, அதன்மேல் ஒட்டினாற்போல் ஆணியடித்துவிடுவார்கள். தகரம் எரியாது, ஆகவே பயமில்லை என்பது கணக்கு.

கணக்கில் முதல் பாதி சரி. தகரம் எரியாதுதான். ஆனால் அரை மில்லிமீட்டர் தகரம் வெப்பத்துக்கு ஒரு தடையே இல்லை. முன்பக்கம் 250 டிகிரி ஏறினால், சில நொடிகளில் பின்பக்கமும் ஏறக்குறைய அதே 250. அதோடு ஒட்டிக்கொண்டு பலகை. போதாக்குறைக்கு, முன்பெல்லாம் பலகை கருகுவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது தகரம் அதை மறைத்துவிட்டது. டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான். எட்டு மில்லிமீட்டர் டைல்ஸ் துடைக்க வசதி. வெப்பத்தைத் தடுக்க அதற்குச் சக்தி போதாது.

அப்படியானால் தீக்கு அஞ்சாத பின்சுவர் எது? நிறையப் பேர் 'தடிமனான சுவர்' என்பார்கள். அந்தப் பதிலும் பாதிதான் சரி. ஏனென்று பார்க்க, அடுப்பிலிருந்து வெப்பம் எப்படிச் சுவருக்கு வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கிலோ காய்ந்த சவுக்கு எரிந்தால் சுமார் 16 முதல் 18 மெகாஜூல் வெப்பம் வெளியாகும். மணிக்கு ஐந்து கிலோ விழுங்கும் அடுப்பு என்றால் 20 கிலோவாட்டைத் தாண்டிவிடும். திறந்த அடுப்பில் இதில் ஐந்தில் ஒரு பங்கு அண்டாவுக்குள் போனாலே அதிகம். மிச்சம் புகையோடு மேலே போகிறது, அடுப்பின் உடம்பில் இறங்குகிறது, நாலா பக்கமும் கதிராக வீசுகிறது. சுவருக்கு ஆபத்து முக்கியமாக இந்தக் கதிர்வீச்சால்தான். இது நடுவில் இருக்கும் காற்றைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எதிரே படும் பொருளை நேராகச் சூடாக்கும்.

1879இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் ஜோசஃப் ஸ்டெபான் கண்டறிந்து, சில ஆண்டுகளில் லுட்விக் போல்ட்ஸ்மான் கோட்பாட்டால் நிறுவிய விதி ஒன்று உண்டு. சூடான பொருள் வீசும் கதிர், அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 300 டிகிரியில் இருக்கும் கருத்த இரும்பு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோவாட் வீசும். 600 டிகிரியில் அது இரண்டு மடங்கு ஆகாது. 33 கிலோவாட் ஆகிவிடும். 800 டிகிரித் தணல் 75 கிலோவாட் வரை போகும். சென்னையின் உச்சி வெயிலே சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்தான். பக்கத்தில் ஒரு பொறி இருந்தால் மரம் பற்றிக்கொள்ள 12.5 கிலோவாட் அளவுக் கதிர் தொடர்ந்து பட்டால் போதும் என்பது தீயியலில் பழகிய எண். விறகடுப்பில் பொறிக்கா பஞ்சம்?

மரம் எரிவது என்று நாம் சொல்வதும் சற்று விளக்க வேண்டிய விஷயம். கட்டை நேராக எரிவதில்லை. சூடு ஏற ஏற மரத்தின் செல்லுலோஸும் லிக்னினும் சிதைந்து வாயுக்களாக வெளியேறுகின்றன. அந்த வாயுதான் காற்றோடு கலந்து சுவாலையாகிறது. 250, 300 டிகிரி வாக்கில் இந்தச் சிதைவு வேகம் பிடிக்கும். அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது என்று நினைத்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் காயும் பலகை மெல்ல மெல்லக் கருமையாகி, கரியை நோக்கி நகர்கிறது. அப்படிப் பழுத்த மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடும். 'ஐந்து வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே' என்ற வாதம் விறகடுப்புச் சுவர் விஷயத்தில் தலைகீழானது. ஐந்து வருஷமாக இப்படி இருந்ததுதான் கவலைப்பட வேண்டிய செய்தி.

குளிர்நாடுகளில் வீட்டுக்குள் இரும்பு விறகடுப்பு வைப்பார்கள். அதனால் இந்தச் சுவர் விஷயத்தை அளந்து, விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 211 என்ற தரவிதி, சோதனைச் சான்று பெறாத இரும்பு அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் நடுவே 36 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. மூன்றடி! பேசின் பிரிட்ஜில் மூன்றடி என்பது ஒரு ஆள் படுக்கிற இடம். இடம் போதாதவர்களுக்கும் அந்த விதி வழி சொல்கிறது. சுவருக்கு முன்னால் மூன்றரை அங்குலச் செங்கல் வரிசையை ஒட்டிக் கட்டினால் 36 அங்குலத்தை 24 ஆகக் குறைக்கலாம். அதே சுவருக்கு முன்னால் ஓர் அங்குலம் தள்ளி, கீழும் மேலும் திறந்துவிட்டு, ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தினால் 12 அங்குலத்துக்கே வந்துவிடலாம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல்முறை பார்ப்பவர் அச்சுப்பிழையோ என்று சந்தேகப்படுவார். மூன்றரை அங்குலச் செங்கல் பன்னிரண்டு அங்குலம் மிச்சப்படுத்துகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு இருபத்து நான்கு அங்குலம் மிச்சப்படுத்துகிறது. ஆணியடித்துத் தோற்ற அதே தகடுதான். மாறியது நடுவில் இருக்கும் ஓர் அங்குலக் காற்று.

செங்கல் ஏன் தோற்கிறது? செங்கல் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், ஆனால் கடத்தும். நாலரை அங்குலச் சுவரின் ஒரு பக்கத்தில் பட்ட சூடு மறுபக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் எரியும் அடுப்புக்கு இந்தத் தாமதமே காவல். சூடு மறுபக்கம் வருவதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். விடியற்காலை இட்லிக்குப் பற்றவைத்து இரவு பரோட்டா முடிந்து அணைக்கிற கடையில் அந்தச் சில மணி நேரம் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே போன சூடு அப்படியே வெளியே வந்துகொண்டிருக்கும். தடிமன் நேரத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். வந்த சூடு எங்கே போகும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

காற்று இடைவெளியிடம் பதில் இருக்கிறது. கதிரை வாங்கிச் சூடாகும் தகடு, பின்னால் உள்ள சுவருக்கும் முன்னால் உள்ள அறைக்கும் சமமாகத் திருப்பி வீசும். அதனாலேயே பின்சுவருக்குப் போவது சுமார் பாதியாகிவிடும். மிச்சப் பாதியைக் காற்று கவனிக்கிறது. இடைவெளிக்குள் சூடான காற்று லேசாகி மேல் வழியே வெளியேறும். அந்த இடத்துக்குக் கீழ் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். அடுப்பு எரிகிறவரை இது தானாக நடக்கும். அடுப்பு எவ்வளவு சீறுகிறதோ அவ்வளவு வேகமாக நடக்கும். மேலும் கீழும் அடைத்துவிட்டால் இந்த ஓட்டம் நின்றுபோகும். உள்ளே சிக்கிய காற்று சூடாகி அங்கேயே சுழலும், பயன் பாதிகூட மிஞ்சாது.

சுவரைக் காப்பது சுவருக்குப் பின்னால் ஓடுவதுதான் என்ற இந்த உண்மையைப் பேசின் பிரிட்ஜ் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாகவே செய்திருக்கிறது. இங்கே நீராவி எஞ்சின்களுக்கான லோகோ ஷெட் இருந்தது. நீராவி எஞ்சினின் தீப்பெட்டிக்குள் நிலக்கரி ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும். எஃகு 550, 600 டிகிரியிலேயே பாதி பலத்தை இழந்துவிடும். அந்தத் தீயைச் சுற்றியுள்ள உலோகச் சுவரோ அரை அங்குலத்தைத் தாண்டாது. அது தாக்குப்பிடித்தது, மறுபக்கம் தண்ணீர் இருந்ததால். 1947 முதல் இந்தியாவில் ஓடிய டபிள்யூ.பி. வகை எஞ்சினில் கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 200 டிகிரி வாக்கில் கொதிக்கும். தீ எவ்வளவு கொழுந்துவிட்டாலும், தகட்டின் தீப்பக்கம் தண்ணீரைவிடச் சில பத்து டிகிரி கூடுதலாக மட்டுமே இருக்கும். வருகிற வெப்பத்தையெல்லாம் தண்ணீர் நீராவியாக மாறி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தண்ணீர் மட்டம் இறங்கித் தீப்பெட்டியின் கூரைத் தகடு வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. அதற்காகவே அந்தக் கூரையில் ஈய அடைப்பான் வைப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகினால் நீராவி தீக்குள் பாய்ந்து எஞ்சின்காரர்களை எச்சரிக்கும். தண்ணீரில் உள்ள உப்பு தகட்டின்மேல் படிந்தாலும் ஆபத்துதான். வெப்பம் தண்ணீருக்குப் போகும் வழியை அந்தப் படிவு அடைக்கும், தகடு தனியாகச் சூடேறும். ஷெட்டில் கொதிகலனைக் கழுவுவது ஓயாத வேலையாக இருந்தது அதனால்தான்.

பக்கத்திலேயே மின்நிலையம். சென்னைக்கு மின்சாரம் வந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலம் முதலே பேசின் பிரிட்ஜ் அனல்மின் நிலையம் நகரத்தின் விளக்குகளோடு சேர்ந்து பேசப்பட்டது. அது ஓய்ந்த பிறகு அதே பகுதியில் 1996இல் தலா 30 மெகாவாட் திறனுள்ள நான்கு எரிவாயுச் சுழலிகள் வந்தன. பெயரில் எரிவாயு இருந்தாலும் எரித்தது நாப்தா போன்ற திரவ எரிபொருள். இந்தச் சுழலியின் எரிகலனுக்குள் சுவாலையின் மையம் 2,000 டிகிரியை நெருங்கும். கலனின் சுவர் நிக்கல் கலப்புலோகம். அது 1,300, 1,400 டிகிரியில் உருகிவிடும். உருகும் சூட்டைவிடச் சூடான தீயை அந்த உலோகத்துக்குள் எப்படி அடைத்து வைக்கிறார்கள்? சுவரில் வரிசையாகத் துளைகளும் பிளவுகளும் விட்டு, அமுக்கியிலிருந்து வரும் காற்றை அவற்றின் வழியே செலுத்துகிறார்கள். சுவருக்கு வெளியே ஒரு காற்றோட்டம், உள்முகத்தை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம். தீ அந்தப் படலத்தைத் தாண்டி நேராகச் சுவரைத் தொடுவதில்லை.

பேசின் பிரிட்ஜின் 'பேசின்' பக்கிங்காம் கால்வாயின் படகுத்துறை. பேசில் காக்ரேன் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் பின்னர் நீண்டு, தாது வருஷப் பஞ்சத்தையொட்டி 1878இல் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. அதன் வழியே வடக்கிலிருந்து உப்பு வந்தது, விறகும் வந்தது. சென்னையின் அடுப்புகளுக்குச் சவுக்குக் கட்டை கொடுத்த இடங்களில் ஸ்ரீஹரிகோட்டா தீவு முக்கியமானது. அந்த விறகுத் தீவிலிருந்து இன்று ராக்கெட் கிளம்புகிறது. இஸ்ரோவின் சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சினில் ஹைட்ரஜன் 3,000 டிகிரிக்கு அருகில் எரிகிறது. அதன் சுவருக்குள் வெட்டிய நுண்ணிய வாய்க்கால்களில், எரியப்போகும் அதே ஹைட்ரஜன் கடுங்குளிராக ஓடிச் சுவரைக் காக்கிறது. கட்டை அனுப்பிய காலத்திலும் ராக்கெட் அனுப்பும் காலத்திலும் தீச்சுவரின் இயற்பியல் ஒன்றுதான். நம் பிளைவுட் கடைக்கு ஹைட்ரஜன் வேண்டாம்; காற்று போதும், அது இலவசம்.

இனிக் கட்டும் முறை. பின்சுவர் பலகையோ கீற்றுத் தட்டியோ என்றால், முதல் வேலை அதை எடுத்துவிட்டுச் செங்கல் வைக்க முடியுமா என்று பார்ப்பது. முடியாதபோதுதான் மற்றதெல்லாம். அடுப்பின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒன்றரை அடியாவது கூடுதலாக, சுவாலைக்கு மேல் நன்றாக ஏறும்படி ஒரு தகடு அல்லது சிமென்ட் ஃபைபர் போர்டு. சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குலம். இடைவெளியைப் பிடித்து நிறுத்தும் கட்டை மரமாக இருக்கவே கூடாது; ஓர் அங்குல ஜி.ஐ. பைப் துண்டுகளை ஓரங்களில் வைத்து அவற்றின் வழியே திருகலாம். அடுப்புக்கு நேர் பின்னால் மட்டும் திருகு வேண்டாம். திருகு ஒரு கம்பி. தகட்டின் சூட்டை நேராக மரத்துக்குள் இறக்கிவிடும். கீழே ஓர் அங்குலமாவது, மேலே மூன்று அங்குலமாவது திறந்திருக்க வேண்டும்.

செங்கல்தான் வேண்டுமென்றால் நாலரை அங்குலச் சுவரைப் பின்சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி எழுப்பி, முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் இடையிடையே ஒரு கல்லை விட்டுவிடச் சொல்லுங்கள். கொத்தனார் முறைப்பார், ஓட்டை விட்டுக் கட்டுவது அவர் தொழிலுக்கு இழுக்கு. இடைவெளிக்குள் கலவை விழுந்து இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீ படும் முகத்துக்குச் சிமென்ட் கலவை ஆகாது. இறுகிய சிமென்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு 450 டிகிரி வாக்கில் நீரை இழந்து சுண்ணாம்பாகும். அணைந்த பிறகு ஈரத்தை உறிஞ்சி மறுபடி ஊதும். சில மாதத்தில் பூச்சு பொலபொலவென்று உதிரும். களிமண்ணும் மணலும் கலந்து பூசுவது மேல். நம் ஊர்ச் சாதாரணச் செங்கலே சூளையில் 800, 900 டிகிரியைப் பார்த்து வந்ததுதான். சமையல் அடுப்புக்கு அது தாங்கும். சேலத்து மாக்னசைட் கல்லெல்லாம் இரும்பாலை உலைகளுக்கு. கடப்பைக் கல் சுண்ணாம்புப் பாறை, சூட்டில் வெடிக்கும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டும் நெருப்புக்கு முன்னால் பட்டென்று வெடித்துச் சிதறும். அதன் தூசு நுரையீரலுக்கு எமன்.

சரியாகக் கட்டினோமா என்று பார்க்க வழி எளிது. கடை உச்சத்தில் ஓடும் நேரத்தில், தகட்டின் பக்கவாட்டில் கைவிட்டுப் பின்சுவரைத் தொட வேண்டும். கையை அப்படியே வைத்திருக்க முடிந்தால் நல்லது. இழுத்துக்கொள்ளத் தோன்றினால் இடைவெளி போதவில்லை. வெளிநாட்டுச் சோதனைகள், எரியக்கூடிய சுவரின் சூடு அறைச் சூட்டைவிட 50, 65 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்திருக்கின்றன. அவர்களுடைய அறை 20 டிகிரியில் தொடங்குகிறது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நம் அறை 40க்கு மேல் தொடங்கும். ஆகவே அவர்களுடைய 12 அங்குலம் நமக்கு 15, 18 என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கணிப்பு.

பின்சுவரைச் சரிசெய்தவர் அண்ணாந்து பார்க்காமல் போனால் எல்லாம் வீண். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் மாண்டது, சமையல் கூடத்தில் தொடங்கிய தீ கூரைக் கீற்றில் ஏறியதால். அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. நகரத்தில் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கீற்றைக் கான்கிரீட்டாக மாற்றும் வேலையை அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. கீற்று குறைந்தது உண்மை. ஆனால் எரியும் பொருள் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது: அடுப்புக்கு மேல் ஃபிளெக்ஸ் பேனர், பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங், நீலத் தார்ப்பாய். இவற்றைத் துளைத்துக்கொண்டு புகைக்குழாய் மேலே போகும். குழாய்க்குள் படிந்த கரி ஒருநாள் பற்றினால் உள்ளே ஆயிரம் டிகிரி வரை போகும். குழாய் கூரையைத் தொடும் இடத்தில், துளையைக் குழாயைவிட நன்றாகப் பெரிதாக வெட்டி, சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டு, மேலே ஒரு தகர வளையத்தால் மழையை மறைக்க வேண்டும். சுவருக்குச் சொன்னதேதான் கூரைக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். பத்துக்கு எட்டுக் கடையில் ஓர் அங்குல இடைவெளி சும்மா இருக்கிறது என்றால் யாருக்கும் கை துறுதுறுக்கும். பில் புத்தகம், வாழை இலைக்கட்டு, துடைப்பம், காலண்டர் அட்டை எல்லாம் அதில் செருகப்படும். எலியும் தன் பங்குக்குக் காகிதத்தை இழுத்துக்கொண்டு போகும். கொதிகலனில் படியும் உப்பு செய்த வேலையை இங்கே இவை செய்யும். மேலேயும் கீழேயும் கோழி வலையை வெட்டி ஆணியடித்துவிட்டால் காற்று போகும், பில் புத்தகம் போகாது. வலையில் எண்ணெய்ப் புகையும் ஒட்டடையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், அமாவாசைக்கு அடுப்பு மெழுகும்போது அதையும் ஒரு கம்பித் தேய்ப்பானால் தேய்த்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட வேண்டும். கீழிருந்து அடித்த வெளிச்சம் மேலே தெரிந்தால் வழி திறந்திருக்கிறது.